50 குதிரை வீரர்களோடு தப்பியவர், பேரரசர் ஆனது எப்படி? செலுக்கஸ் நிகேட்டரின் கதை

சந்திரகுப்த மௌரியருக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு 500 யானைகளை வாங்கிக்கொண்ட கிரேக்க மன்னர். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் செலுக்கஸ் நிகேட்டரைப் பற்றி நாம் படித்தது அநேகமாக அவ்வளவுதான். கேட்டால் நஷ்ட வியாபாரம் மாதிரி தெரியும். ஆனா அந்த யானைகள்தான் அவர் தலையெழுத்தையே மாற்றின. எப்படின்னு பார்க்கலாம்.

அலெக்சாண்டருக்குப் பின் யார்?

கி.மு. 323-ல் பாபிலோனில் அலெக்சாண்டர் இறந்தபோது அவருக்கு வயது 32. அரசாளும் நிலையில் வாரிசு யாரும் இல்லை. மனவளர்ச்சி குன்றிய சகோதரரையும், அதன்பின் பிறந்த குழந்தையையும் பெயருக்கு மன்னர்களாக்கினார்கள். உண்மையான அதிகாரம் தளபதிகளிடம் போனது.

அதில் ஒருவர்தான் செலுக்கஸ். போரஸ் மன்னருக்கு எதிரான போரில் காலாட்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். யானைப் படையின் பலத்தை அங்கேயே நேரில் பார்த்திருந்தார். தளபதிகள் பங்கு பிரித்தபோது பாபிலோன் அவருக்குக் கிடைத்தது.

கணக்குக் கேட்டதால் வந்த வினை

இன்னொரு தளபதியான ஒற்றைக்கண் அன்டிகோனஸ், ஆசியா முழுவதையும் வளைக்கப் பார்த்தார். பாபிலோனின் வருவாய்க் கணக்கைக் காட்டச் சொன்னார். செலுக்கஸ் மறுத்தார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்ததும் சுமார் 50 குதிரை வீரர்களோடு எகிப்துக்குத் தப்பினார். அங்கே அடைக்கலம் கொடுத்தவர் தாலமி. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

கி.மு. 312-ல் காசாவில் அன்டிகோனஸின் மகன் டெமெட்ரியஸை தாலமியும் செலுக்கஸும் தோற்கடித்தனர். அந்தக் கையோடு ஆயிரம் பேர் அளவிலான சிறு படையுடன் பாபிலோனுக்குத் திரும்பி, இழந்ததை மீட்டார் செலுக்கஸ்.

ஆளாளுக்கு ஒரு கிரீடம்

இதற்கிடையே அலெக்சாண்டரின் மகனும் சிறுவயதிலேயே கொல்லப்பட்டான். இனி யார் பெயரில் ஆள்வது? கி.மு. 306-ல் அன்டிகோனஸ் தன்னையே மன்னராக அறிவித்தார். தாலமி, செலுக்கஸ், லைசிமாக்கஸ், கசாண்டர் என மற்றவர்களும் வரிசையாக முடிசூடிக்கொண்டனர். அரச ரத்தம் தேவையில்லை, போரில் ஜெயித்தால் போதும் என்பதே புது விதி ஆனது.

யானைகள் தந்த வெற்றி

கிழக்கே சிந்து நதி வரை போன செலுக்கஸ், சந்திரகுப்தரோடு போரை நீட்டிக்காமல் சமாதானம் செய்துகொண்டார். இன்றைய ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான் பகுதிகளில் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு வந்தவைதான் அந்த 500 யானைகள். பிறகு அவருடைய தூதராக மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரம் வந்தார்.

கி.மு. 301. இன்றைய துருக்கியில் உள்ள இப்சஸ். டெமெட்ரியஸின் குதிரைப்படை எதிரிகளைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டது. அது திரும்பி வரும் வழியை செலுக்கஸின் யானைகள் சுவர் போல மறித்தன. உதவி கிடைக்காத அன்டிகோனஸ், ஏறக்குறைய 80 வயதில் களத்திலேயே விழுந்தார். சிரியாவிலிருந்து கிழக்கே விரிந்த பேரரசு செலுக்கஸ் வசமானது.

கடைசி ஆசை

கி.மு. 281-ல் லைசிமாக்கஸும் போரில் இறந்தார். அலெக்சாண்டரின் பெரிய தளபதிகளில் உயிரோடு எஞ்சியவர் செலுக்கஸ் மட்டுமே. வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பிறந்த மண்ணான மாசிடோனியாவை நோக்கிக் கடல் கடந்தார்.

அங்கே போய்ச் சேரவில்லை. கூடவே வந்த ஒருவர் வழியிலேயே அவரைக் குத்திக் கொன்றார். கொன்றவர் பெயர் தாலமி கெரௌனஸ். அன்று செலுக்கஸுக்கு அடைக்கலம் தந்த அதே தாலமியின் மகன். எகிப்தின் அரியணை தம்பிக்குப் போய்விட்டதால் நாடிழந்து வந்து, செலுக்கஸிடமே அடைக்கலம் பெற்றிருந்தவர்.

அந்தக் கொலைக்குப் பின் மாசிடோனியாவின் மன்னரானதும் அவர்தான். ஆனா இரண்டே ஆண்டுகளில் கால் இனத்தவரோடு நடந்த போரில் அவரும் செத்தார். வாளால் வந்த கிரீடத்தை இன்னொரு வாள் பறிக்கும் என்பதற்கு அந்தத் தலைமுறையில் அன்டிகோனஸ், லைசிமாக்கஸ், செலுக்கஸ், கெரௌனஸ் என நான்கு மன்னர்கள் சாட்சி.