சோமாலிகளின் கவிஞர் தளபதி சையித் முஹம்மத் அப்துல்லாஹ் ஹஸன்

சோமாலி மக்களை ஒன்றிணைப்பவை மொழியும் மார்க்கமும். பிரித்து வைப்பது கோத்திரம். இவ்விரண்டுக்கும் நடுவே போராடி வாழ்ந்தவர் சையித் முஹம்மத் அப்துல்லாஹ் ஹஸன்.

தந்தை ஒகாடன் கோத்திரத்தவர். தாய் துல்பஹந்தே கோத்திரத்தவர். சோமாலிகளின் வட பிரதேசத்தில் நுகால் பள்ளத்தாக்கும் சூல் பகுதியும் துல்பஹந்தே மக்களின் மேய்ச்சல் நிலங்கள். ஒட்டகங்களோடு நீர் தேடி அலையும் அந்தத் தாய்வழி உறவினரிடையே அவர் வளர்ந்தார். சிறு வயதிலேயே குர்ஆனைக் கற்றார். மக்கா சென்று ஷெய்க் முஹம்மத் ஸாலிஹிடம் ஸாலிஹிய்யா தரீக்காவை ஏற்று, 1895இல் பெர்பெரா துறைமுகத்துக்குத் திரும்பினார்.

அப்போது சோமாலிகளின் நிலத்தை ஆங்கிலேயரும் இத்தாலியரும் பிரான்ஸியரும் எதியோப்பியரும் பங்கிட்டிருந்தனர். 1899இல் அவர் தர்வேஷ் இயக்கத்தைத் தொடங்கினார். அதில் சேர்ந்தோர் கோத்திரப் பெயரை விடுத்துத் தர்வேஷ்கள் என்றே அழைக்கப்பட்டனர்.

அவரது பேராயுதம் கவிதை. சோமாலி மொழிக்கு அன்று பொது எழுத்து வடிவம் இல்லை. அவர் பாடியவற்றை மனனமிட்டவர்கள் கிணற்றடிகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் கொண்டு சென்றனர். ஒரு கவிதை நண்பரைச் சேர்த்தது. இன்னொன்று எதிரியை நாணச் செய்தது.

1904 வரை ஆங்கிலேயர் நான்கு தடவை படையெடுத்தும் அவரைப் பிடிக்க முடியவில்லை. பின்னர் துல்பஹந்தே மண்ணிலுள்ள தலேயில் அவர் கற்கோட்டைகள் எழுப்பினார்.

ஆனால் அவரது வரலாற்றில் வேதனையான பக்கங்களும் உண்டு. தாயின் கோத்திரத் தலைவரான கராத் அலி அவரது ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அதனால் அக்கோத்திரத்தவர் பலர் விலகிச் சென்றனர்; வேறு பலர் இறுதிவரை உடனிருந்தனர். 1909இல் காதிரிய்யா தரீக்காவின் பேரறிஞர் ஷெய்க் உவைஸும் தர்வேஷ்களின் கையால் உயிரிழந்தார். அந்நியரை எதிர்த்த வாள் சொந்தச் சகோதரர் மீதும் பாய்ந்தது.

1920 தொடக்கத்தில் ஆங்கிலேய விமானங்கள் குண்டு வீசின. தரைப்படையும் சூழ்ந்தது, தலே வீழ்ந்தது. தந்தையின் கோத்திரத்தார் வாழும் ஒகாடனுக்குத் தப்பிச் சென்ற அவர், அதே ஆண்டு டிசம்பரில் இமி என்ற இடத்தில் நோயுற்றுக் காலமானார்.

தலேயின் கோட்டைகள் இன்று சிதைந்து நிற்கின்றன. கவிதைகளோ சோமாலிகளின் நாவில் உயிரோடு இருக்கின்றன. கோத்திரங்களைச் சொல்லால் சேர்த்தவர், அவற்றை வாளால் இழந்தார். அவரது வீரத்தைப் போற்றும் நாம் இதையும் சேர்த்தே கற்க வேண்டும்.