மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் வயிற்றுவலி

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, இலங்கை முழுவதும் பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் ஆட்சிக்குள் வந்தது. 1803இல் பண்டாரவன்னியனோடு பொருதியதும் இவருடைய படைதான். ஆனால் கண்டி வீழ்ந்த செய்தியை விளங்கிக்கொள்ளும் நிலையில் மன்னர் இருக்கவில்லை. பார்வை இழந்து, சித்தம் கலங்கி, வின்ட்சர் கோட்டையில் தனித்து வைக்கப்பட்டிருந்தார். 1811 முதல் மகனே ஆட்சியை நடத்தினார்.

1738இல் பிறந்து 22 வயதில் அரியணை ஏறியவர் ஜோர்ஜ். விவசாயத்தில் ஆர்வம் மிக்கவர். 15 பிள்ளைகளின் தகப்பன். 1788இல், ஐம்பது வயதில், கடும் வயிற்றுவலி வந்தது. பிறகு கைகால் வலி, நித்திரையின்மை, மணிக்கணக்காக ஓயாத பேச்சு. வைத்தியர்கள் வாந்தி மருந்து கொடுத்தார்கள், தோலில் கொப்புளம் எழுப்பினார்கள். வில்லிஸ் என்ற பாதிரி வைத்தியர் கைகளைப் பிணைக்கும் சட்டையை மாட்டினார். மன்னருக்கே இந்தக் கதி! 1789இன் தொடக்கத்தில் தேறினார். 1801இலும் 1804இலும் திரும்ப வந்த வருத்தம், 1810இல் வந்தபின் போகவேயில்லை. 1820 ஜனவரி 29இல் இறந்தார்.

1966இல் மக்கல்பைன், ஹன்ரர் என்ற தாயும் மகனுமான இரு வைத்தியர்கள் பழைய குறிப்புகளைப் படித்து, இது போர்பிரியா என்றார்கள். இன்று பல ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை, மனநோய்தான் என்கிறார்கள். 2005இல் மன்னரின் தலைமயிரைச் சோதித்தபோது ஆர்சனிக் நஞ்சு மிகுதியாக இருந்தது. கொடுத்த மருந்திலேயே அது கலந்திருக்கலாம். வழக்கு எப்படித் தீர்ந்தாலும், போர்பிரியா என்ற பெயரை உலகறியச் செய்தது இந்த மன்னரின் கதைதான்.

இரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீம் என்ற பொருள் எட்டுப் படிகளில் உருவாகிறது. பரம்பரைக் குறையால் ஒரு படி தளர்ந்தால், அரைகுறைப் பொருட்கள் தேங்கி நரம்புகளைத் தாக்கும். வயிறு தாங்கமுடியாமல் வலிக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. மலச்சிக்கல், வேகமான நாடித்துடிப்பு, கைகால் சோர்வு, மனக்குழப்பம் சேரலாம். சிறுநீர் வெளிச்சத்தில் இருக்க இருக்கக் கருஞ்சிவப்பாகலாம். அப்பென்டிக்ஸ் என்று வயிற்றை வெட்டியவர்களும் உண்டு. வலி இருக்கும்போதே சிறுநீரை வெளிச்சம் படாமல் எடுத்து, போர்போபிலினோஜன் அளவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இங்கே குவைத்தின் அப்பாசியாவில், ஷிப்ட் வேலையில் சாப்பாட்டைத் தவறவிட்டு, வலிக்கு மருந்துக்கடையில் ஏதோ குளிசை வாங்கிப் போடுவது எமக்குப் பழக்கம். இந்த நோய் உள்ளவருக்கு இரண்டும் ஆபத்து. பட்டினி, மது, சல்பா மருந்துகள், பினோபார்பிட்டல், பினிட்டோயின் போன்ற வலிப்பு மருந்துகள் தாக்குதலைத் தூண்டும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் வரும். லேசான தாக்குதலுக்கு குளுக்கோஸ், கடுமையானதற்கு ஊசிவழி ஹீம் மருந்து கொடுக்கிறார்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணு இருந்தும் பலருக்கு ஆயுளில் ஒருமுறைகூட வலி வருவதில்லை; தூண்டும் மருந்து உள்ளே போகும்வரை தெரியாது. எமது குடும்பங்களோ தமையன் ரொறன்ரோவில், தங்கை பாரிஸில், அம்மா யாழ்ப்பாணத்தில் என்று சிதறியிருக்கின்றன. ஒருவருக்கு நோய் உறுதியானால், அன்றே மற்றவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். கலியாணப் பேச்சு கெடும் என்று மறைப்பது உயிரோடு விளையாடுவது. நோயின் பெயரை ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதி சிவில் ஐடியோடு வைத்திருந்தால், மயங்கி விழுந்தாலும் அவசரப் பிரிவு வைத்தியர் எந்த ஊசியைத் தவிர்க்கவேண்டும் என்று பார்த்துக்கொள்வார்.