ஈர மண்ணைக் கிளறிய கர்னல் பெட்டோம்

ஓந்தியும் தேரையும் சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்ற உயிர்கள். நிலத்தையும் அதன் கருப்பொருள்களையும் கூர்ந்து நோக்கிய மரபு நம்முடையது. ஆயினும், தென்னக மலைகளின் ஊர்வனவற்றையும் தவளையினங்களையும் தேடியெடுத்து, விவரித்து, பெயரிட்டு, அறிவியல் உலகின்முன் வைத்த பணியில் முன்வரிசையில் நிற்பவர் ஓர் ஆங்கிலப் படையலுவலர். அவரே கர்னல் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம்.

1830ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் பிறந்த பெட்டோம், வழக்கறிஞர் ஒருவரின் மகன். தந்தையின் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1857இல் டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன் தமது வனத்துறைக்கு அவரைத் துணைவராய்த் தேர்ந்தெடுத்தார். 1860இல் அத்துறையின் தலைமையை ஏற்ற பெட்டோம், 1882 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஆனைமலை, நீலகிரி, சேர்வராயன், வயநாடு, திருவிதாங்கூர் மலைகள் அவருடைய தேடலுக்குக் களங்களாயின.

இத்தகைய தேடலில் ஒரு பகற்பொழுது எவ்வாறு கழியும் என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் தகும். மழை பெய்து மண் நெகிழ்ந்த காலமே ஏற்ற காலம். உளுத்த மரத்தைப் புரட்ட வேண்டும்; கல்லைப் பெயர்க்க வேண்டும்; சருகை விலக்கி மண்ணைக் கிளற வேண்டும். அட்டைகள் காலைப் பற்றும். பல நாழிகை உழைத்தும் வெறுங்கையோடு திரும்ப நேரும். தவளைகளுக்கோ, இருள் சூழ்ந்த பின் ஓடைக்கரையில் ஒலி வந்த திசை நோக்கிச் செல்ல வேண்டும்.

பெட்டோம் பெரிதும் ஆராய்ந்த கேடயவால் பாம்புகள் மண்ணுக்குள் வாழ்பவை, நஞ்சற்றவை, மண்புழுவை உண்பவை, குட்டி ஈனுபவை. சொரசொரப்பான அவற்றின் வால்நுனியில் மண் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் பகைக்கு வளையை அடைக்கும் மூடிபோல் அமைகிறது. கண்ணில் எளிதிற்படாத இச்சிற்றுயிர்களுள் பலவற்றை முதன்முதலில் விவரித்தவர் அவரே. ஆனைமலையின் பசுங்குழிவிரியன் ஒன்றை 1862இலும், ஓந்தியினம் ஒன்றை 1878இலும் அவர் விவரித்தார். தாவரவியலிலும் அவர் புலமை பெரிது. தென்னிந்தியப் பெரணிகள் குறித்தும், மரங்கள் குறித்தும் அவர் எழுதிய நூல்கள் இன்றும் ஆய்வாளர்க்குத் துணைநிற்கின்றன.

புகழை மட்டும் கூறி அமைதல் ஆய்வாளர்க்கு அழகன்று. அவர் தலைமை தாங்கிய துறைக்குக் காட்டைக் காப்பதோடு, மரத்தை வெட்டி வருவாய் ஈட்டுவதும் கடமையாய் இருந்தது. ஆனைமலைத் தேக்கு கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் இறங்கியது. கண்டெடுத்த உயிர்களின் வீடே கோடரிக்கு இரையாகிய காலம் அது. மேலும், காடர், மலசர் முதலான மலைமக்களின் துணையின்றி அயலார் அக்காடுகளில் அலைந்து மீளுதல் அரிது. உயிரினங்களின் பெயர்களில் அதிகாரிகள் பலர் வாழ்கின்றனர். வழிகாட்டிய மலைமக்களின் பெயர்களோ பதிவில் இல்லை.

மற்றொரு குறையும் உண்டு. அவர் அனுப்பிய உயிர்கள் சிலவற்றிற்கு இடக்குறிப்பு மிகச் சுருக்கமானது. அவ்வாறு இலண்டன் சென்ற தவளை ஒன்றை 1876இல் குந்தர் என்னும் அறிஞர் விவரித்தார். கிடைத்த இடம் திருவிதாங்கூர் என்பது மட்டுமே குறிப்பு. ஒரு நாடு முழுவதையும் சுட்டும் அச்சொல்லைக் கொண்டு விரல்நுனியளவுத் தவளையை எங்ஙனம் தேடுவது? நூறாண்டுக்கு மேலாக அது எவர் கண்ணிலும் படாமலே இருந்தது. 2011இல், பேராசிரியர் எஸ்.டி. பிஜு தலைமையிலான குழுவினர் அது மீண்டும் கண்டறியப்பட்டதை அறிவித்தனர். அதன்பின் களக்காடு முண்டந்துறைக் காடுகளில் நிகழ்ந்த ஆய்வு, அது மூங்கிலின் கணுவிடைத் துளைக்குள் புகுந்து முட்டையிடுவதையும், ஆண் தவளை அங்கிருந்து காவல் காப்பதையும் வெளிப்படுத்தியது. மூங்கிலை வெட்டினால் அதன் குடியே அழியும் என்பதும் அதனால் விளங்கிற்று.

1911 பிப்ரவரி 23இல் பெட்டோம் மறைந்தார். திருப்பதி மலைப்பகுதியில் வளரும் அரிய சைகஸ் மரமொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாட்டுப்புறப் பாடல் தொகுக்கச் செல்லும் நம் மாணாக்கர்க்கும் இவ்வாழ்வு பாடமாகும். பாடலோடு பாடியவர் பெயரையும், ஊரையும், நாளையும் எழுதிவைத்தல் வேண்டும். படைத்தவன் எதனையும் வீணாய்ப் படைக்கவில்லை என்று நம்புவோர்க்குச் சருகின்கீழ் வாழும் சிற்றுயிரும் பொருட்படுத்தத் தக்கதே. அதனைக் காட்டித் தந்த மனிதர் அதனினும் பொருட்படுத்தத் தக்கவர் அல்லரோ?