கு. சேஷாத்திரி ஐயர்

கு. சேஷாத்திரி ஐயர் (ஜூன் 1, 1845 - செப்டம்பர் 13, 1901) மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1883 முதல் 1901 வரை பணியாற்றியவர். பெங்களூர்க் கடைத்தெருவுக்கு மின்னொளி வழங்கிய சிவசமுத்திரம் நீர்மின் திட்டம் இவரது காலத்தில் தொடங்கப்பட்டதாகும்.

வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காட்டில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற பின், 1868 இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். 1883 இல் திவான் ரங்காச்சார்லு மறைந்ததைத் தொடர்ந்து அப்பொறுப்பை ஏற்றார்.

மின் திட்டம்

காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் வகுத்தார். சேஷாத்திரி ஐயர் அதற்கு முழு ஆதரவளித்தார். கோலார் தங்கச் சுரங்கங்கள் மின்சாரத்தை வாங்க முன்வந்ததால் அரசுக்கு வருவாய் உறுதியானது. ஜூன் 30, 1902 அன்று, சுமார் 147 கிலோமீட்டர் நீளக் கம்பிகள் வழியே கோலாருக்கு மின்சாரம் சென்றது.

கடைத்தெரு விளக்குகள்

அதுவரை பெங்களூர்த் தெருக்களில் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. அவற்றை நாள்தோறும் துடைத்து, எண்ணெய் ஊற்றி, கையால் ஏற்ற வேண்டும், புகையும் மிகுதி. ஆகஸ்ட் 5, 1905 அன்று, இன்றைய கிருஷ்ணராஜேந்திர சந்தை அமைந்துள்ள வணிகப் பகுதியில் மின்விளக்குகள் எரிந்தன. காற்றில் அணையாத, புகையற்ற இவ்வொளி பின்னர் பிற தெருக்களுக்கும் பரவியது.

ஆசியாவில் மின்விளக்கு பெற்ற முதல் நகரம் பெங்களூரே எனக் கூறப்படுவதுண்டு. எனினும் சீனாவின் சாங்காய் நகரில் 1882 இலேயே மின்விளக்குகள் எரிந்தன. சுரங்கத்துக்காக உருவாக்கிய மின்சாரத்தைக் கடைத்தெருவுக்கும் கொணர்ந்ததே பெங்களூரின் சிறப்பாகும்.

நினைவு

மின்நிலையம் இயங்குவதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் முன்னரே சேஷாத்திரி ஐயர் காலமானார். பெங்களூரின் சேஷாத்திரிபுரம் இவர் பெயரால் அமைந்தது. கப்பன் பூங்காவில் இவரது சிலை 1913 இல் திறந்து வைக்கப்பட்டது.