பறவைகளின் பந்தியைப் பார்த்தவர்

மும்பையில் சிறுவன் ஒருவன் தன் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டை மஞ்சளாக இருந்தது. என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் கண்டு வியந்தான் அந்தச் சிறுவன். அவன்தான் பிற்காலத்தில் 'பறவை மனிதர்' என்று புகழ்பெற்ற சலீம் அலி!

1896 நவம்பர் 12-ல் பிறந்த அவர், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். பட்டம் இல்லாததால், விரும்பிய ஆய்வு வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பறவையியல் கற்று 1930-ல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் பார்த்து வந்த வேலையும் இல்லை என்றாகிவிட்டது. மனம் தளரவில்லை. கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை மாதக்கணக்கில் கவனித்து எழுதினார். அந்தக் கட்டுரை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1945-ல் கட்ச் பாலைவெளியில், லட்சக்கணக்கான பூநாரைகள் சேற்றால் கூடு கட்டி வாழ்வதை நேரில் கண்டார். பூநாரை எப்படிச் சாப்பிடும் தெரியுமா? தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி, அதிலுள்ள சிற்றுயிர்களையும் பாசிகளையும் உண்ணும்!

டில்லான் ரிப்ளே என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய 10 தொகுதி நூலில், ஒவ்வொரு பறவையின் உணவும் பழக்கமும் இடம்பெற்றன.

நம் கோடியக்கரையிலும் அவர் ஆய்வு செய்தார். குளிர்காலத்தில் சைபீரியா போன்ற தொலைதூர இடங்களிலிருந்து இங்கே பறவைகள் வருகின்றன. நீர் வற்றிய சேற்றில் கூட்டமாக இரை தேடுகின்றன. ஆனால், எல்லாவற்றுக்கும் ஒரே சாப்பாடு இல்லை. நீண்டு வளைந்த அலகுள்ள கோட்டான், ஆழத்தில் இருக்கும் புழுவை இழுக்கும். குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி, ஓடி நின்று மேற்பரப்பில் கொத்தும். கொசு உள்ளான், பொடிப் பூச்சிகளைப் பொறுக்கும். அலகுக்கு ஏற்ற பந்தி!

பறவைகளின் பயணத்தை அறிய, அவற்றின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடும் பணியை 1959-ல் அவர் தலைமையில் கழகம் தொடங்கியது. கோடியக்கரை அதன் முக்கிய இடங்களில் ஒன்றானது. 1967-ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் பறவைக்கு அந்தச் சேறுதான் சோறு. சேறு அழிந்தால் அது பட்டினி கிடக்கும்.

பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகள் பெற்ற சலீம் அலி, 1987 ஜூன் 20-ல் மறைந்தார். குட்டீஸ், அடுத்த முறை குளக்கரையில் பறவையைக் கண்டால், கல்லெறியாமல் அது என்ன சாப்பிடுகிறது என்று பாருங்கள்!