பாலர் பூங்கா கண்ட புரோபெல்

விளையாட்டைக் கல்விக்குப் பகையெனக் கருதும் வழக்கம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. முற்றத்து மணலிலே சிரட்டை கொண்டு சோறாக்கி மகிழும் குழந்தையைக் கடிந்து, அதன் கையிற் கொப்பியையும் பென்சிலையும் திணிக்கும் பெற்றோர் பலர். அவ்விளையாட்டே குழந்தையின் தொழில் என்றும், அதுவே அதன் முதற் பள்ளிக்கூடம் என்றும் எடுத்துக்காட்டி, அதற்கெனவே ஒரு நிலையத்தையும் அமைத்துத் தந்த பெரியார் ஒருவர் ஜேர்மனி நாட்டிலே வாழ்ந்தார். அவரே பிரெடறிக் புரோபெல் என்பவர்.

தாயற்ற பிள்ளை

துரிங்கியா என்னும் காடடர்ந்த மலைப் பகுதியிலே, ஓபர்வைஸ்பாக் என்னுஞ் சிற்றூரில், 1782ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆந் தேதி புரோபெல் பிறந்தார். தந்தையார் லூதரன் சபைப் போதகர். பிள்ளைக்கு ஒரு வயது நிரம்புமுன்னரே தாய் இறந்துபோனாள். தந்தையாரோ ஊழியப் பொறுப்புகளில் மூழ்கியவர். மகனைக் கவனிக்க அவருக்குப் பொழுது கிடைக்கவில்லை. பின்னர் வந்த சிற்றன்னை முதலில் அன்பாகவே இருந்தாள். தனக்கென ஒரு மகன் பிறந்ததும் அவள் மனம் மாறிவிட்டது. உரிமையோடு நீ என்று அழைப்பதையும் நிறுத்தி, அந்நியனைக் குறிப்பதுபோலப் படர்க்கையிலே அவனை அழைக்கலானாள். அச்சிறு மாற்றம் பிள்ளையின் நெஞ்சிலே முள்ளாகத் தைத்தது. முதுமையிலும் அவர் அதனை மறக்கவில்லை.

வேலிக்குள் அடைபட்டு வளர்ந்த அச்சிறுவனுக்குத் துணையாயிருந்தவை வீட்டுத் தோட்டத்துச் செடிகொடிகளே. பத்தாவது வயதில் தாய்மாமன் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் அவன் முதன்முதலாக அன்பையும், ஒத்த வயதுத் தோழரையும், ஓடியாடும் உரிமையையும் கண்டான். ஆயினும் மற்றப் பிள்ளைகளைப்போல ஓடவுந் தாவவும் வேண்டிய வலு தன் உடம்புக்கு இல்லை என்பதையும் அங்கேயே உணர்ந்தான். குழந்தைப் பருவத்து விளையாட்டை இழந்தவர் எதனை இழக்கிறார் என்பதை அவர் நூல்களிலே படித்து அறியவில்லை. தம் வாழ்விலேயே அறிந்தார்.

தொழில் தேடி அலைந்த காலம்

1797இல் வனத்துறை அதிகாரி ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றார். 1799இல் யேனாப் பல்கலைக்கழகம் புகுந்தார். கடனை இறுக்க வழியின்றி ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் இருந்தபின் வீடு திரும்பினார். கட்டிடக் கலை பயிலும் நோக்கத்துடன் 1805இல் பிராங்பேட் நகரை அடைந்தபோது, அங்கிருந்த பாடசாலைத் தலைவர் குறூனர் என்பவர், நீர் ஆசிரியராதற்கு உரியவர் என்று கூறி ஒரு வகுப்பை ஒப்படைத்தார். பிள்ளைகள் முன்னே நின்ற அன்றே தமக்குரிய இடம் இதுவெனப் புரோபெல் கண்டுகொண்டார். பின்னர் 1808 முதல் 1810 வரை சுவிற்சர்லாந்திலே கல்விப் பேரறிஞர் பெஸ்தலோசியின் நிலையத்திலே தங்கி அவர்தம் முறைகளை நேரிற் கற்றார்.

அதன்பின் அவர் கற்றது யாதெனின், கனிப்பொருளியல். நெப்போலியனுக்கு எதிரான போரில் 1813இல் தொண்டராகச் சேர்ந்து, மீண்டு வந்து பேர்லின் நகரத்துக் கனிப்பொருட் காட்சிச்சாலையிற் பணியாற்றினார். பளிங்குகள் ஒவ்வொன்றும் தன்னுள்ளே அமைந்த ஒரு விதிக்கு இணங்கி உள்ளிருந்து புறமாக வளர்வதை அங்கே கண்டார். கல்லுக்கே இவ்வாறாயின் குழந்தைக்கு எத்துணைப் பொருந்தும் என எண்ணினார். கல்வியென்பது வெளியிலிருந்து ஊற்றுவதன்று, உள்ளிருப்பது மலர இடஞ்செய்வதே என்னும் துணிவு அவர் உள்ளத்தில் உறுதிப்பட்டது. யாவற்றிலும் இறைமை ஒன்றே நின்று இயங்குகின்றது என்பதும் அவர் கொள்கை. எங்கும் நிறைந்த பரம்பொருளைப் போற்றும் நமக்கு இது புதியதன்று.

போர்க்காலத்திலே நோயுற்ற வீரரைப் பராமரித்துத் தாமும் காய்ச்சலால் இறந்துபோன தமையனாரின் பிள்ளைகள் தந்தையின்றி நின்றனர். அவர்களுக்காகத் தம் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து, 1816இல் மருமக்கள் ஐவரோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார் புரோபெல். அடுத்த ஆண்டில் அது கைல்காவு என்னும் ஊருக்கு மாறிற்று. 1826இல் மனிதனின் கல்வி என்னும் பெருநூலை வெளியிட்டார்.

பூங்காவின் பிறப்பு

பள்ளிக்கு வரும் பிள்ளைகளோடு பழகப் பழக ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. ஏழு வயதிற் பள்ளிக்கு வருமுன்னரே குழந்தையின் அத்திவாரம் இடப்பட்டுவிடுகிறது. அந்த ஆண்டுகளைப் பற்றி எவருங் கவலைப்படுவதில்லை. ஆகவே 1837இல், ஐம்பத்தைந்தாம் வயதில், பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிலே மிகச் சிறிய பிள்ளைகளுக்கென ஒரு நிலையம் நிறுவினார். அதற்குத் தக்க பெயர் கிடையாது நெடுநாள் தவித்தார். ஒருநாள் நண்பரோடு மலைவழியே நடந்துவருகையில், கீழே தோட்டம்போற் பரந்து கிடந்த பள்ளத்தாக்கைக் கண்டதும் அப்பெயர் அவருக்குத் தோன்றிற்று. கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்பதே அது. 1840ஆம் ஆண்டு யூன் 28இல் அப்பெயரோடு நிலையம் முறைப்படி நிறுவப்பட்டது.

அங்கே பிள்ளைகளின் கையிற் கொடுக்கப்பட்டவற்றைக் கொடைகள் என்று அவர் அழைத்தார். முதலாவது, பல நிறக் கம்பளி நூலாற் செய்த ஆறு பந்துகள். நூலிற் கட்டிய பந்து போகிறது, வருகிறது, மறைகிறது, மீண்டுந் தோன்றுகிறது. இதனாற் பேசத் தெரியாத குழந்தையும் இருப்பதையும் இல்லாமையையும் அறிகிறது. இரண்டாவது, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை என்பன. உருண்டை உருளும், கனசதுரம் அசையாதிருக்கும், உருளையோ இரண்டுஞ் செய்யும். கனசதுரத்தை நூலிற் றொங்கவிட்டுச் சுழற்றினால் அதற்குள்ளே உருளை தோன்றுவதைக் கண்டு பிள்ளைகள் வியப்பர். மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் கனசதுரம். குழந்தை விளையாட்டுப் பொருளை உடைப்பது கெட்ட எண்ணத்தால் அன்று, உள்ளே யாதிருக்கிறது என்று அறியும் வேட்கையால் என்பதைப் புரோபெல் உணர்ந்திருந்தார். இக்கட்டையை உடைக்கவும் ஆம், மீண்டும் பொருத்தவும் ஆம். பிரித்துச் சேர்க்குங்கால் பாதி, கால், அரைக்கால் என்னுங் கணக்கும் தானே கைவரும். இவற்றோடு கடதாசி மடித்தல், பின்னுதல், களிமண் பிசைதல், வட்டமாக நின்று ஆடிப்பாடுதல் முதலியனவும் இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி. எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரும்பாத்தி. தனக்குரியதைப் பேணுதலும் பொதுவுக்கு உழைத்தலும் அங்கே மண்ணிலேயே கற்பிக்கப்பட்டன. மடியிலிருத்திக் கைவிரல் அசைத்துப் பாடுதற்கெனத் தாய்மாருக்கும் 1844இல் ஒரு பாட்டு நூல் வெளியிட்டார்.

நரைத்த தலையோடு ஊர்ப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாடிய கிழவரைப் பித்தரென்று கண்டோர் நகைத்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

தடையும் மறைவும்

இதனினும் பெரிய துன்பம் முதுமையிலே வந்தது. 1851 ஓகஸ்டு மாதத்திலே பிரசிய அரசாங்கம் பாலர் பூங்காக்களை நாட்டிலே தடைசெய்தது. அவை நாத்திகத்தையும் சமவுடைமையையும் பரப்புகின்றன என்பதே குற்றச்சாட்டு. உண்மை யாதெனின், காள் புரோபெல் என்னும் மருமகனார் எழுதிய நூலொன்றை வைத்து, பெரியவரையும் அவரையும் அதிகாரிகள் ஒன்றாகக் குழப்பிவிட்டனர். எறும்பிலும் பளிங்கிலும் இறைவனைக் கண்டவர்மீது நாத்திகப் பழி! மன்னருக்கு விண்ணப்பித்தும் பயனில்லை. அடுத்த ஆண்டு, 1852 யூன் 21இல், எழுபதாம் வயதில், தடை நீங்கக் காணாமலே அவர் கண்மூடினார். அவர் சமாதிமேற் கனசதுரம், உருளை, உருண்டை ஆகியன ஒன்றன்மேலொன்றாகக் கல்லில் அமைக்கப்பட்டுள்ளன. தடை 1860இல் நீக்கப்பட்டது.

அவரிடம் பயின்ற பெண்மணிகள் அப்பணியைக் கடல் கடந்துங் கொண்டுசென்றனர். இலண்டனில் 1851இலும், அமெரிக்காவில் 1856இலும் பாலர் பூங்காக்கள் தோன்றின. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அவரைப் பின்பற்றியோரிற் சிலர் கொடைகளை மந்திரம்போற் பிடித்துக்கொண்டு, ஆசிரியர் ஆணையிட்டபடியே கட்டை அடுக்கும் பயிற்சியாக்கிவிட்டனர். விளையாட்டின் உயிர் அதன் சுதந்திரமே. கட்டளையிட்டு ஆடுவிப்பது விளையாட்டாகாது. பிற்காலத்து அறிஞரான பியாஜே, வைகோட்ஸ்கி என்போரின் ஆராய்ச்சிகள், சிந்தனையும் கற்பனையும் தன்னடக்கமும் விளையாட்டின் வழியே வளர்வதை விளக்கின. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை விளையாடுதலைப் பிள்ளையின் உரிமையென்றே வகுத்தது.

நம் கடமை

நம்மூர்களிலும் இன்று பாலர் பள்ளிகள் பல உள்ளன. அவற்றின் பெயர் புரோபெல் தந்தது. ஆனால் உள்ளே நடப்பது அவர் கருத்தா என்று நாம் ஆராய வேண்டும். மூன்று வயதிலே எழுத்துக் கூட்டும் பிள்ளையைக் கண்டு பெருமைப்படும் நாம், அப்பிள்ளை மண்ணளைந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்பதில்லை. இறைவன் செயலையே திருவிளையாடல் எனப் போற்றும் சமயத்தவர் நாம். சப்பாணி கொட்டுவதையும், சிற்றில் இழைப்பதையும், சிறுதேர் உருட்டுவதையும் பருவங்களாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் வழிவந்தவரும் நாமே. அத்தகைய நாம் விளையாட்டை வீண்செயலென ஒதுக்குதல் முறையாமோ?

சங்கத்து இளைஞர் செய்யத்தக்க தொண்டு ஒன்றுண்டு. நும் ஊரிலே நிழல்தரும் மரத்தடி ஒன்றைத் துப்புரவாக்கி, கொஞ்சம் மணலும், சில மரக்கட்டைகளும், ஒரு சிறு பாத்தியும் பிள்ளைகளுக்கென விட்டுவையுங்கள். பெரியோர் அதற்கு இடந்தந்து உதவுவாராக. தாயின்றித் தனித்து வளர்ந்த ஒரு சிறுவன் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு தோட்டத்தை விட்டுச்சென்றான். அதன் ஒரு பாத்தியையேனும் நாம் வாடவிடாது காப்போமாக.