மணியடித்து மக்களை அழைத்த பங்குக் குரு

மெக்சிக்கோ நாட்டின் குவானகுவாத்தோ நகரிலே கோட்டைபோன்ற ஒரு பழைய தானியக் களஞ்சியம் உண்டு. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு பெயர்களைக் காணலாம். அவற்றுள் ஒன்று ஒரு பங்குக் குருவின் பெயர். அது அங்கே பொறிக்கப்பட்ட கதை துயரமானது. ஆயினும் நாம் அறிந்திருக்க வேண்டியது.

மிகுவேல் இடால்கோ 1753ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி பிறந்தார். 1778இல் குருப்பட்டம் பெற்றார். வல்லடோலிட் நகரின் சான் நிக்கொலாஸ் கல்லூரியில் கற்பித்து, அதன் அதிபராகவும் விளங்கினார். 1803இல், வியாகுல மாதாவின் பெயரைத் தாங்கிய தொலோரெஸ் என்னும் ஊருக்குப் பங்குக் குருவாக வந்தார். பூசை வைப்பதுடன் தம் கடமை முடிந்ததென்று அவர் இருந்துவிடவில்லை. ஏழைகளுக்கு மட்பாண்டத் தொழிலும், தோல் பதனிடுதலும், தேனீ வளர்ப்பும் பழக்கினார், முந்திரிகைக் கொடி நட்டார், பட்டுப்பூச்சி வளர்த்தார்.

அந்நாளில் நாடு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. நிலமும் பதவியும் சிலரிடம். வரியும் பசியும் பலரிடம். 1808, 1809ஆம் ஆண்டுகளில் மழை பொய்க்க, சோளத்தின் விலை ஏறியது. விடுதலைக்காக இரகசியமாகக் கூடியவர்களுடன் இடால்கோவும் சேர்ந்தார். அவர்களுடைய திட்டம் வெளிப்பட்டதும், 1810 செப்டெம்பர் 16ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோவில் மணியை அடித்து மக்களைத் திரட்டினார். குவாதலூப்பே மாதாவின் படமே அவர்களுக்குக் கொடியாயிற்று. சில நாட்களில் ஏறக்குறைய 20,000 பேர் கவணும் கத்தியும் தடியும் ஏந்தி அவர் பின்னே சென்றனர்.

செப்டெம்பர் 28ஆம் திகதி அவர்கள் குவானகுவாத்தோவை அடைந்தனர். அங்கே ஆளுநராக இருந்த ரியாஞோ, இடால்கோவின் நெடுநாள் நண்பர். பஞ்ச காலத்தில் மக்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று அந்தக் களஞ்சியத்தைக் கட்டுவித்தவரும் அவரே. இப்போது ஸ்பானியரையும் அவர்களுடைய குடும்பங்களையும் வெள்ளியையும் அதற்குள் சேர்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டார். சரணடையும்படி கேட்டும், நண்பரின் குடும்பத்துக்குப் பாதுகாப்பு அளிப்பதாகக் கூறியும் இடால்கோ கடிதம் அனுப்பினார். ரியாஞோ இணங்கவில்லை. சண்டை தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவர் சுடப்பட்டு விழுந்தார். சுரங்கத் தொழிலாளி ஒருவர் முதுகிலே கற்பலகையைச் சுமந்து சென்று கதவுக்குத் தீ வைத்தார் என்பது அந்நாட்டு மக்களின் வழக்கு. உள்ளே நுழைந்த கூட்டம் சில நூறு பேரைக் கொன்றது. நகரமும் சூறையாடப்பட்டது. மாதாவின் கொடியின் கீழ் வந்தவர்களை, மணியடித்து அழைத்த குருவானவராலேயே தடுக்க முடியவில்லை.

ஒக்டோபர் 30ஆம் திகதி தலைநகருக்கு அருகே அவர் ஒரு போரில் வென்றார். ஆனால் நகருக்குள் புகாமல் திரும்பிவிட்டார். குவானகுவாத்தோவில் நடந்தது அங்கும் நடக்கும் என அஞ்சினார் என்று பலர் கருதுகின்றனர்.

பின்னர் இராணுவத்தின் முறை வந்தது. நொவம்பர் 25ஆம் திகதி தளபதி கயேகா குவானகுவாத்தோவைத் திரும்பக் கைப்பற்றினார். அவர் நெருங்குவதை அறிந்த கூட்டம் முதல்நாளே களஞ்சியத்திலிருந்த கைதிகளைக் கொன்றிருந்தது. அதற்குப் பழியாகத் தெருவில் அகப்பட்டவர்களைப் படையினர் வெட்டத் தொடங்கினர். பெலவுன்சரான் என்ற பிரான்சிஸ்கன் துறவி பாடுபட்ட சுரூபத்தைக் கையிலேந்திப் படைத்தலைவர் முன் நின்று, அப்பாவிகளுக்காக மன்றாடினார். வெட்டு நின்றது. ஆயினும் அடுத்த நாட்களில் சந்திகளில் தூக்குமரங்கள் எழுந்தன.

இடால்கோ குவாதலஹாரா நகரிலிருந்து அடிமைமுறையை ஒழித்துக் கட்டளையிட்டார். இது அவருடைய அழியாப் புகழ். அதே நகரில் ஸ்பானியக் கைதிகள் பலர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டதும் அவருடைய கட்டளையாலேயே. 1811 ஜனவரி 17ஆம் திகதி கல்தெரோன் பாலத்தருகே அவருடைய படை சிதறியது. மார்ச் 21ஆம் திகதி அவர் பிடிபட்டார். விசாரணையில் அந்தக் கொலைகளை அவர் மறைக்கவில்லை. குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்ட மறுநாள், ஜூலை 30ஆம் திகதி, சிகுவாகுவா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்மைச் சுட வந்த சிப்பாய்களுக்கு அவர் இனிப்புகள் பகிர்ந்தார் என்று சொல்வார்கள். அவருடைய தலையும் தோழர் மூவரின் தலைகளும் அதே களஞ்சியத்தின் நான்கு மூலைகளில் தொங்கவிடப்பட்டு, நாடு விடுதலை பெற்ற 1821 வரை அங்கேயே இருந்தன.

இன்று மெக்சிக்கோ அவரை நாட்டின் தந்தை எனப் போற்றுகிறது. அது தகும், ஏழைகளின் பசி அவருடைய நெஞ்சைச் சுட்டது மெய். ஆனால் வாசகரே, பசித்தவர்களுக்காக நண்பர் ஒருவர் கட்டிய களஞ்சியம் முதலில் அந்த நண்பருக்கும், பின் கைதிகளுக்கும், கடைசியில் இடால்கோவின் தலைக்கும் இடமாயிற்று. நீதிக்காக எழுந்த கையும் நீதியை மறந்தது. ஒழுங்கைக் காக்க வந்த கையும் அதையே செய்தது. சுரூபத்துடன் இடையிலே நின்ற துறவியின் பெயரை அறிந்தவர் சிலரே. நம் பிள்ளைகளுக்கு இடால்கோவின் கதையைச் சொல்லும்போது, அந்தத் துறவியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.